சமாதானக் காவலர்

தோத் மாதம், வெள்ளம் ஏறி நிற்கும் சமயம்

தவளை,

அக்கா தெர்மூதி சொல்லச் சொல்ல எழுதுவது. நீ நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று இந்த ஊர்த் தெய்வங்கள் முன்னால் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை.

முதல் சொல்லைச் சொன்னதுமே எழுதுகிறவர் கையை நிறுத்திவிட்டார். "தவளைன்னேவா எழுதணும்?" என்று கேட்டார். "வாய்க்கால்ல கண்ணை மட்டும் வெளியே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் வச்ச பேரு. அப்படியே எழுதுங்க" என்றேன்.

நாலு வருடமாக இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சொன்னதில்லை. போன வாரம் தானியப் படகுக்காரன் வந்து நின்றான். "உங்க தம்பி ஹோரியோன் அலெக்சாந்திரியாவுல சாகக் கிடந்து பிழைச்சிட்டாரு. அக்கா எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றான். பிழைத்து என்ன செய்யப் போகிறான் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிடுறானா?" என்று வந்துவிட்டது.

எழுதுகிறவர் யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நெசவுக்காரர் இசாக். என் மகன் கொப்ரேஸ் தறி பழகியதும், கிறிஸ்தவன் ஆனதும் இவர் வீட்டில்தான். காவலனாக வந்து நீ இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிப் படகில் ஏற்றினாய். இவர் கல் சுரங்கத்திலிருந்து ஒரு கண்ணோடு திரும்பி வந்தார். கொப்ரேஸ் வரவில்லை. துணி சுற்றி அடக்கம் செய்ய எனக்கு அவன் உடம்பு கிடைக்கவில்லை, ஓர் எலும்பு கூட.

உனக்கு எழுதுவதற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் இசாக்.

என்ன வேண்டும் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.


பாவோபி மாதம், அலெக்சாந்திரியா

மதிப்புக்குரிய அக்கா தெர்மூதிக்கு, தம்பி ஹோரியோன் என் கையாலேயே எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க ஆண்டவரிடம் மன்றாடுகிறேன். நான் பிழைத்திருக்கிறேன்.

காவல் உத்தியோகம் போனதிலிருந்து இங்கே துறைமுகக் கிடங்கில் கோதுமை மூட்டை தூக்குகிறேன். கொள்ளைநோய் வந்தபோது விழுந்துவிட்டேன். குடியிருந்த வீட்டுக்காரர் என்னைத் தெருவில் போட்டுவிட்டார். பிணம் எடுக்கக் கிறிஸ்தவர்கள் வந்தார்கள். தூக்கிய பிறகுதான் மூச்சு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"எந்த ஊருப்பா? என்ன வேலை பாத்தே?" என்று ஒருவர் கேட்டார். காய்ச்சலில் பொய் வரவில்லை. "ஆர்சினோயே பக்கம். சமாதானக் காவலர்" என்றேன்.

"எங்காளுங்களைப் பிடிச்சுக் குடுத்தவனா?"

"ஆமா."

அவர் குனிந்து என் முகத்தைத் துடைத்தார். பிறகு, "சரி, கையை என் கழுத்துல போடு. என்ன கனம் கனக்குறே! சர்க்கார் சோறு நல்லாத்தான் ஒட்டியிருக்கு" என்றார்.

அந்த ஆட்களோடுதான் இப்போது இருக்கிறேன், அக்கா. ஜெபத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று கேட்கிறேன். வருகிற பாஸ்கா பண்டிகையில் ஞானஸ்நானம் வேண்டும் என்று மூப்பரிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நீ அழவச்சவங்க யாராச்சும் உசிரோட இருக்காங்களா?" என்றார். "எங்க அக்கா" என்றேன். "அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தே? அவங்ககிட்டப் போ. அவங்க சமாதானத்தை வாங்கிட்டு வா. பொறகு தண்ணியில இறங்கலாம்" என்றார்.

தங்களிடமிருந்து அந்த ஒரு சொல் வந்தால் போதும். தங்கள் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவவும்.


ஹாத்தூர் மாதம், விதைப்பு

தம்பி ஹோரியோனுக்கு, அக்கா. நீ பிழைத்ததற்கு இந்த ஊர்த் தெய்வங்களுக்கும், தூக்கிக்கொண்டு போனவர்களுக்கும் நன்றி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

எப்போதிருந்து நான் உனக்குத் 'தாங்கள்' ஆனேன்? மண்டைக்குப் பேன் பார்த்தவள் நான். ஒழுங்காக எழுது.

நீ கேட்கிற சொல்லை இசாக் எனக்கு விளக்கிச் சொன்னார். எனக்கு ஞானஸ்நானமும் தெரியாது, மூப்பரும் தெரியாது. அந்தச் சொல்லை மட்டும் நன்றாகத் தெரியும். உன் உத்தியோகத்துக்கே சமாதானக் காவலர் என்றுதானே பெயர். ஒரு கோலும் ஒரு கயிறும் கொடுத்தார்கள். நீ எந்த வீட்டுக்குள் நுழைந்தாயோ அந்த வீட்டில் அது போயிற்று. அதையே இப்போது என்னிடம் கேட்கிறாய். கேட்கிற சொல்லாவது வேறாக இருக்கக் கூடாதா?

நான் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. மூப்பரிடம் எல்லாவற்றையும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையுமா? கொப்ரேஸைப் படகில் ஏற்றிய அன்று துறையில் நீ வாய் திறந்து ஒன்று சொன்னாய். துறைக்காரன் மனைவி தாவுஸ் பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வந்து என்னிடம் சொன்ன நாளிலிருந்து அது என் காதில் இருக்கிறது. அதை நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன். நீயே எழுது. அதற்குப் பிறகு உன் சொல்லைப் பற்றிப் பேசலாம்.

கடல் காற்றில் வேர்வையோடு நிற்காதே.


கோயாக் மாதம், அலெக்சாந்திரியா

அக்கா, நீ நலமாக இருக்க ஆண்டவரிடம் கேட்கிறேன். இருமல் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

நீ எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். இசாக் வாசிக்கும்போது அவரும் கேட்கட்டும். அவருடைய தறியைக் கோடரியால் உடைத்தது நான். ஆட்களிடம் கொடுக்கவில்லை, நானே உடைத்தேன். அவர்கள் வேதம் வாசிக்கும் கிழவரைத் தாடியைப் பிடித்து இழுத்தேன். ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கிறார்களே என்று இன்னொரு தடவை இழுத்தேன். பயந்துபோய்ச் சிலைக்கு முன்னால் தூபம் போட்டவர்களையும் விடவில்லை. சரியாகப் போடவில்லை என்று மிரட்டிக் கோழி வாங்கினேன்.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையனை விட்டுவிடச் சொல்லி நீ ஒரு வாத்தைக் கொடுத்தனுப்பினாய். மேலதிகாரிக்குக் கொடுத்துவிட்டேன், அவர் கேட்கவில்லை என்று சொல்லியனுப்பினேன். கொடுக்கவில்லை. நான்தான் தின்றேன்.

துறையில் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, அக்கா. நல்ல வெயில், கூட்டம், ஒரே கூச்சல். தாவுஸ் எதையாவது மாற்றிக் கேட்டிருப்பாள்.

பாஸ்காவுக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. எனக்கு இரங்கு. கொழுப்பு தடவினாயா?


தூபி மாதம்

தம்பிக்கு, அக்கா. இருமலுக்குத் தேனும் வெந்தயமும் போட்டுக் குடி. இங்கே எல்லோரும் நலம்.

வாத்தை நீ தின்றது எனக்குத் தெரியும். எலும்பை நம் வீட்டு நாய்க்குத்தானே போட்டாய்.

தறியைப் பற்றி வாசித்ததும் இசாக் கடிதத்தைக் கீழே வைத்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

இத்தனை எழுதியிருக்கிறாய். யார் யாரோ வருகிறார்கள். என் பிள்ளை ஓர் இடத்தில் வருகிறான், அங்கேயும் 'அந்தப் பையன்'. நினைவில்லை என்றால் காத்திருக்கிறேன், எனக்கு வேறு என்ன வேலை? கோதுமை முளைத்துவிட்டது. வாய்க்கால் மடையைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை.

நல்லபடியாக இரு. கர்த்தருக்குள் உனக்குச் சமாதானம்.


மெக்கீர் மாதம், அலெக்சாந்திரியா

என் அன்பான அக்கா, என் தாய்க்குச் சமமானவளே, நீ நூறு வயது நலமாக இருக்க வேண்டும்!

உன் கடிதம் கிடைத்ததும் கடைசி வரியைப் பார்த்தேன். கிடங்கில் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி, "என்ன, வீட்டுல சாவா?" என்று கேட்டான். "இல்லண்ணே, பிறப்பு" என்றேன். "உனக்கு எவ பொண்ணு குடுத்தா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்படியே மூப்பரிடம் ஓடினேன். சபை முன்னால் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்து என் நெற்றியில் முத்தமிட்டாள். பாஸ்காவுக்கு என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். இப்போது வாசலுக்கு உள்ளே நிற்கிறேன், அக்கா. உள்ளே!

துறைப் பேச்சை எழுது என்று கேட்டதையும் நீ விட்டுக்கொடுத்துவிட்டாய். உன் மனசு யாருக்கு வரும்? இருமல் நின்றுவிட்டது.


பாமெனோத் மாதம்

ஹோரியோன், உன் இருமல் நின்றதில் சந்தோஷம்.

நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை இசாக் வாசித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த வரியைச் சொல்றான்?" என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. அவர்கள் ஆட்கள் கடிதம் முடித்தால் அப்படி ஒரு வரி போட்டுத்தான் முடிப்பார்களாம். கை தானாக எழுதிவிட்டதாம்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு வாத்துகள் எல்லாம் கத்தின. "நான் வளத்தவளா, நீர் வளத்தவரா? எம் பிள்ளையை எடுத்துக்கிட்டதும் இல்லாம, எம் பேச்சையும் எடுத்துக் குடுக்கிறீரா?" என்றேன். அவர் தலை குனிந்து நின்றார். ஊரே அவரை 'இசாக் அய்யா' என்கிறது, நான் வாயில் வந்ததைப் பேசினேன்.

கடைசியில், "தெரிஞ்சே போட்டீரா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. கைப்பழக்கம்தான். ஆனா தறியைப் பத்தி அவர் எழுதினதை வாசிச்ச அன்னிக்குத்தான் அது விழுந்திருக்கு. என்னோடதை நான் குடுத்துட்டேன் போல. அது இசாக்கோடதுன்னு அவரை வச்சுக்கச் சொல்லுங்க. உங்களோடது இல்லை" என்றார்.

மூப்பருக்கு நானே எழுதிவிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அலெக்சாந்திரியா எவ்வளவு தூரம்! நான் வந்து சொல்லப் போவதில்லை, இசாக்கும் சொல்லப் போவதில்லை. நீ இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் ஒருவருக்கும் தெரியாது. நான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுக்கவே இல்லை. உனக்கு அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்த வரியோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.


பாகோன் மாதம், அறுப்பு

தம்பிக்கு, அக்கா. நலமா?

பாஸ்கா முடிந்து எத்தனையோ படகு வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தண்ணீரில் இறங்கிவிட்டாய், இனி அக்காவிடம் என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மறுபடி நோயோ என்றும் நினைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தால் அறுப்பு வேலை ஓடுவதில்லை.

உயிரோடு இருக்கிறாய் என்று மட்டுமாவது சொல்லியனுப்பு.


பாவ்னி மாதம், அலெக்சாந்திரியா

அக்கா, உயிரோடு இருக்கிறேன். நீயும் இசாக் அய்யாவும் நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

உன் கடிதத்தை அடுப்பில்தான் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன். போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். பாஸ்காவுக்கு முந்தின வாரம் மூப்பர் எங்களை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவருக்கும் யார் சாட்சி என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. "இவருக்கு இவரோட அக்காவே சாட்சி. அதைவிடப் பெரிய சாட்சி உண்டா?" என்று அவரே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

அங்கேதான் முடியாமல் போயிற்று. "அய்யா, அது எங்க அக்கா சொல்லலை" என்றேன்.

"என்னப்பா உளர்றே?"

"எழுதினவரு சேத்துட்டாரு. எனக்கு எப்பவோ தெரியும். மறைச்சிட்டேன்."

என்னை முத்தமிட்ட பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூப்பர் கோபப்படவில்லை. "அவங்க ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவரிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். எழுதவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

அன்றைக்கு வெயில் இல்லை, அக்கா. கூச்சலும் இல்லை. காலை நேரம், நல்ல காற்று. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நகரத்திலிருந்து வந்த மேலதிகாரி ஈச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். "ஹோரியோன், அந்தக் கடைசியில நிக்கிறவன் உன் அக்கா மகனாமே? உன் பொறுப்புல விட்டுட்டுப் போறேன். வீட்டுல கட்டிப்போட்டுப் புத்தி சொல்லு" என்றார்.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். நான் ஆமாம் என்று ஒரு தலையாட்டல் ஆட்டியிருந்தால் போதும்.

நான் சிரித்தேன். "அக்கா மகனா? நல்லாச் சொன்னீங்க! குப்பைமேட்டுல கிடந்ததைத் தூக்கிட்டு வந்தா எங்க அக்கா. பேரே கொப்ரேஸ், குப்பைன்னுதான் வச்சோம். எங்க ரத்தம் இல்லைங்க. ஏத்துங்க" என்றேன்.

ஆட்கள் சிரித்தார்கள். அவன் நான் பேசுவது கேட்கிற தூரத்தில்தான் நின்றான்.

பயந்து சொன்னேன் என்று எழுதலாம். பயமில்லை. மேலதிகாரி முன்னால் எங்கள் வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறான் என்பது வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் தோண்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்ச் சாவடி நிழலில் உட்கார்ந்தேன். அவர் ஈச்சம்பழம் கொடுத்தார், தின்றேன். துறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பியபோது படகு இல்லை.

என் பெயரை எடுத்துவிட்டார்கள். மறுபடி வாசலுக்கு வெளியே நிற்கிறேன். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. பண்டிகையன்று மற்றவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். நான் வெளியே அவர்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டேன். அதுவும் காவல் வேலைதான்.

கொப்ரேஸ் உன் மகன். என் மருமகன். நான் அவனுக்குத் தாய்மாமன். கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதற்காக நீ எதுவும் தர வேண்டாம். இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

அறுப்பு நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.


எபேப் மாதம், தண்ணீர் ஏறத் தொடங்கும் சமயம்

ஹோரியோன், உன் அக்கா தெர்மூதி. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் சாப்பிடு.

இசாக் உன் கடிதத்தை வாசித்துவந்து, அந்த 'மருமகன்' என்ற இடத்தில் நிறுத்தினார். "இன்னொரு தரம்" என்றேன். வாசித்தார். இன்னொரு தரம் கேட்டேன். மூன்றாவது தரம் நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கொப்ரேஸுக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் உறவு என்று நினைத்துக்கொண்டே அவன் போயிருப்பானே என்பதுதான் என்னைத் தின்றது. சாவு எல்லோருக்கும் உண்டு. உறவில்லாமல் சாவது வேறு.

கேட்டுக்கொள். இதை இசாக் சேர்க்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார், எழுதிய பிறகு எனக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நீ செய்ததற்கு, என் பங்குக்கு, உனக்கு என் சமாதானம். தெர்மூதியின் சமாதானம் என்றே மூப்பரிடம் சொல். உங்கள் கடவுள் பெயரில் சொல்ல எனக்குத் தெரியாது. என் பெயரில் சொல்கிறேன்.

சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். மனசு இலேசாகும் என்று இசாக் சொல்லியிருந்தார். ஆகவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது, நான் கொடுத்தது என் பங்கு மட்டும். அவன் பங்கு அவனிடம் இருக்கிறது. அதை எப்படி வாங்குவாய்? நான் எப்படி வாங்கித் தருவேன்?

அதனால் தாவுஸிடம் போனேன். "நீ அங்கதானே இருந்தே, அவன் முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "உன் தம்பி பேச்சைக் கேட்ட பொறகு நிக்க முடியலக்கா. கூடையைத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். இசாக்கைக் கேட்டேன். அவர் கயிற்றில் முன்னால், அவன் பின்னால். தறி முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் ஓயாமல் பேசுகிறவன், கயிற்றில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சுரங்கத்தில் இரண்டு பேரையும் வேறு வேறு இடத்துக்குப் பிரித்துவிட்டார்கள். இனி நான் கேட்பதற்கு நீ ஒருத்தன்தான் மிச்சம். நீயும் சாவடி நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய்.

இருந்தாலும் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பேன்? படகில் கால் வைக்கும்போது, அவன் உன்னைத் திரும்பிப் பார்த்தானா?